ஸ்பெயினில் செய்த கிளாசிக்கல் கிட்டார்: அளவான விலையில் வாங்கவும் பேணவும் வாசிக்கவும்

கிளாசிக்கல் கிட்டார் கற்க நினைக்கும் ஒருவருக்கு முன்னால் இரண்டு வழிகள் மட்டுமே இருப்பதாகத் தோன்றும். ஒன்று, சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஒட்டுப்பலகைக் கருவி. மற்றொன்று, மாட்ரிட்டிலோ கிரனாடாவிலோ ஒரு கைவினைஞர் தனியாக அமர்ந்து இழைத்துச் செய்து, லட்சக்கணக்கில் விலை சொல்லும் கருவி. இவ்விரண்டுக்கும் நடுவே, ஸ்பெயினின் சிறு நகரங்களில் உள்ள பட்டறைகளிலும் தொழிற்சாலைகளிலும் மாணவர்களுக்கென்றே செய்யப்படும் கிட்டார்கள் இருக்கின்றன. ஐரோப்பியக் கடைகளில் இவற்றின் விலை சில நூறு யூரோவில் தொடங்கி ஆயிரம் யூரோவுக்குள் அடங்கிவிடும். இவற்றில் ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது, வாங்கியபின் என்ன திருத்தம் செய்வது, எப்படிப் பாதுகாப்பது, எப்படி வாசிக்கத் தொடங்குவது என்பதை இங்கே பார்க்கலாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த விலை வரம்பில், ஒரு படி மேலான மாடலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தைவிட, கீழ்ப்படி மாடலை வாங்கித் தந்தியின் உயரத்தைச் சரிசெய்யவும், நல்ல தந்திகள் பூட்டவும், ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைக்கவும் செலவிடும் சிறு தொகையே அதிகப் பலன் தரும்.

எவை உண்மையில் ஸ்பெயினில் செய்தவை

இன்றைய கிளாசிக்கல் கிட்டாரின் வடிவம், அல்மேரியாவைச் சேர்ந்த அந்தோனியோ தெ தோர்ரெஸ் (1817–1892) செய்த கருவிகளிலிருந்து வந்தது. அகன்ற உடல், சுமார் 650 மில்லிமீட்டர் தந்தி நீளம், மேற்பலகையின் அடியில் விசிறியாக விரியும் மெல்லிய சட்டங்கள் ஆகியவற்றை ஒரே கருவியில் இணைத்து நிலைநிறுத்தியவர் அவர். அவருக்கு முன்பே காதிஸ் நகரத்துப் பட்டறைகளில் விசிறிச் சட்டம் வழக்கில் இருந்தது. ஆனால் பின்வந்தவர்கள் அளவெடுத்துப் பின்பற்றியது தோர்ரெஸின் கிட்டாரைத்தான். ஸ்பானியத் தொழிற்சாலைகள் இன்றும் மாணவர் கிட்டாருக்கு அதே அமைப்பையே சிறிய மாறுதல்களுடன் பயன்படுத்துகின்றன.

இந்தத் தொழில் பெரும்பாலும் நாட்டின் கிழக்குக் கரையை ஒட்டி வளர்ந்தது. அலிகாந்தே மாகாணத்தில் உள்ள முரோ தெ அல்கோய் என்னும் சிற்றூரில் 1965-இல் தொடங்கிய அல்ஹம்பிரா, வலென்சியாவுக்கு அருகே அல்போராயாவில் 1957-இல் தொடங்கிய எஸ்தேவே, கத்தலோனியாவின் பன்யோலெஸ் நகரில் 1945 முதல் இயங்கும் காம்ப்ஸ், வடக்கே பாஸ்க் நாட்டின் சராவுத்ஸில் 1944-இல் பிறந்த அத்மிரா ஆகியவை கடைகளில் அடிக்கடி கண்ணில் படும் பெயர்கள். 1882-இல் மாட்ரிட்டில் தொடங்கப்பட்ட ரமீரெஸ் பட்டறையும் ‘எஸ்தூதியோ’ என்ற மாணவர் வரிசையை விற்கிறது. ஆனால் அந்த வரிசை அக்குடும்பத்தின் விலையுயர்ந்த கிட்டார்கள் உருவாகும் பட்டறையில் செய்யப்படுவதில்லை. அவர்களது வடிவமைப்பின்படியும் மேற்பார்வையிலும் வேறு பட்டறைகளில் செய்யப்படுகிறது. அதனால் கருவியில் குறை ஒன்றும் இல்லை. பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்கிறோம் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும்.

பெயரை வைத்துப் பிறப்பிடத்தைத் தீர்மானிக்க முடியாது. கோர்தோபா என்பது அமெரிக்க நிறுவனம். அதன் புகழ்பெற்ற மலிவு மாடல்கள் சீனாவில் செய்யப்படுகின்றன, ஸ்பெயினில் செய்யப்படும் வரிசை தனி. ஸ்பானிய நிறுவனங்களுள் சிலவும் தங்கள் அடிமட்ட வரிசையை ஆசிய நாடுகளில் செய்வித்துத் தங்கள் முத்திரையிட்டு விற்கின்றன. மேலும், நம் ஊர்க் கடைகளில் ‘ஸ்பானிஷ் கிட்டார்’ என்றால் மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாயன் கிட்டார் அல்லாத எல்லாக் கிட்டாருக்கும் அதுவே பெயர் என்பதால், அந்தச் சொல்லை நம்பிப் பணம் கொடுக்க முடியாது. ஒலித்துளையின் வழியே உள்ளே பார்த்தால், பின்பலகையின் உட்பக்கத்தில் மாடலின் பெயரும் வரிசை எண்ணும் செய்த இடமும் அச்சிட்ட சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். ஸ்பெயினில் வடிவமைக்கப்பட்டது என்பது வேறு, ஸ்பெயினில் தயாரிக்கப்பட்டது என்பது வேறு. சீட்டில் முன்னது மட்டும் இருந்தால் விற்பவரிடம் விளக்கம் கேளுங்கள்.

பலகையும் கழுத்தும்

மாணவர் கிட்டாரில் விட்டுக்கொடுக்கக் கூடாத ஒன்று மேற்பலகை. அது ஒற்றை மரத்திலிருந்து அறுத்த முழுப்பலகையாக இருக்க வேண்டும். மெல்லிய தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பலகை உறுதியானது, வெடிக்காது. ஆனால் தந்தியின் அதிர்வுக்கு அது எளிதில் இணங்குவதில்லை, பல ஆண்டுகள் வாசித்தாலும் அதன் ஒலி மாறுவதுமில்லை. சோதிப்பது எளிது: ஒலித்துளையின் விளிம்பை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மேலே தெரியும் நார்க்கோடுகள் விளிம்பின் தடிமனிலும் அப்படியே இறங்கித் தொடர்ந்தால் அது முழுப்பலகை. தனித்தனி அடுக்குகள் தெரிந்தால் ஒட்டுப்பலகை.

மேற்பலகைக்கு இரண்டு மரங்களே வழக்கம். ஒன்று ஐரோப்பிய ஸ்புரூஸ். மற்றொன்று வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் செஞ்சிடார். சிடாரை ஸ்பானியக் கிட்டாரில் பரவலாக்கியவர் 1960-களில் மூன்றாம் ஹோசே ரமீரெஸ். ஸ்புரூஸின் ஒலி தெளிவாகத் தொடங்கி, வாசிக்க வாசிக்க ஆண்டுக்கணக்கில் விரியும். சிடாரின் ஒலி முதல் நாளிலிருந்தே இதமாகவும் நிறைவாகவும் இருக்கும். மாணவர் கிட்டார்களில் பெரும்பாலானவை சிடாராக இருப்பதன் காரணமும் இதுதான். எனக்குச் சிடாரே பிடிக்கும். ஆனால் அது மென்மையான மரம். நகம் பட்டால்கூடப் பள்ளம் விழும் என்பதை ஏற்றுக்கொண்டே வாங்க வேண்டும்.

பின்பலகையும் பக்கப்பலகைகளும் இந்த விலையில் பெரும்பாலும் ஒட்டுப்பலகையாகவே இருக்கும். அதில் குறை காண வேண்டியதில்லை. அல்ஹம்பிராவின் 1சி மாடலில் சப்பேலி என்னும் ஆப்பிரிக்க மரமும், அதைவிட விலை கூடிய 4பி மாடலில் இந்திய ரோஸ்வுட்டும் மேலடுக்காக இருக்கின்றன. இந்த ரோஸ்வுட் வேறொன்றுமில்லை, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் ஈட்டி மரமே. நம் வீடுகளில் பழைய அலமாரியாகவும் கட்டிலாகவும் நிற்கும் அதே மரம் கடல் கடந்து போய்க் கிட்டாரின் முதுகாகத் திரும்பி வருகிறது. 2017-இல் அதன் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது கிட்டார் தயாரிப்பாளர்கள் திண்டாடினர். 2019-இன் இறுதியில் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. பிரேசிலிய ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு இல்லை. ஆகவே பழைய கிட்டார் ஒன்றை எல்லை கடந்து கொண்டுபோக நினைப்பவர்கள் அது எந்த மரம் என்று முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

கழுத்தைப் பற்றி விற்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. வாங்குபவருக்கு அதுதான் முக்கியம். ஸ்பானிய முறையில் கழுத்தும், உடலுக்குள் நீளும் அதன் அடிக்கட்டையும் ஒரே உறுப்பாக இருக்கும். அந்தக் கட்டையின் இருபுறமும் உள்ள பள்ளங்களில் பக்கப்பலகைகளைச் செருகி ஒட்டி, கழுத்தைச் சுற்றியே உடலைக் கட்டுவார்கள். வேறு பல நாட்டுக் கிட்டார்களில் உடலைத் தனியாகச் செய்து பின்னர் கழுத்தைப் பொருத்துவதால், கோணம் பிசகினால் கழுத்தைக் கழற்றித் திருத்தலாம். இங்கே அது இயலாது. அதோடு, பெரும்பாலான ஸ்பானிய மாணவர் கிட்டார்களில் கழுத்தின் வளைவைத் திருகிச் சரிசெய்யும் இரும்புத் தண்டும் இருப்பதில்லை. ஆகவே கழுத்தின் கோணமும் நேர்மையும் வாங்கும்போதே சரியாக இருந்தாக வேண்டும்.

அளவைப் பொறுத்தவரை, வளர்ந்தவர்களுக்கு 650 மில்லிமீட்டர் தந்தி நீளமும், நட் என்னும் மேற்கட்டையில் 52 மில்லிமீட்டர் அகலமும் பொதுவான அளவுகள். எஃகுத் தந்திக் கிட்டாரிலிருந்து வருபவர்களுக்கு இந்த அகலம் முதல் வாரத்தில் மலைப்பைத் தரும். அது கை பழக வேண்டிய விஷயம், கருவியை மாற்ற வேண்டிய விஷயம் அன்று. உண்மையிலேயே கை சிறிதாக இருப்பவர்களுக்கும் சிறுவர்களுக்கும் ஸ்பானியத் தொழிற்சாலைகள் முக்கால், எட்டில் ஏழு பங்கு என்ற கணக்கில் குறுகிய மாடல்களையும் செய்கின்றன. ஃபிளமென்கோ கிட்டாரைக் கிளாசிக்கல் என்று எண்ணி வாங்கிவிட வேண்டாம். வெளிர் நிறச் சைப்ரஸ் உடலும், ஒலித்துளையருகே தட்டுவதற்கான ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடும், மிகத் தாழ்ந்த தந்திகளும் அதன் அடையாளங்கள்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

புதியதோ பழையதோ, சோதனை முறை ஒன்றுதான். பழையதில் மட்டும் பொறுமை இன்னும் கொஞ்சம் வேண்டும். ஃப்ரெட் என்பது கழுத்தின்மேல் பதித்த குறுக்குக் கம்பி; தந்திகளில் மெல்லியது முதலாவது, மிகத் தடித்தது ஆறாவது. முதலில் ஆறாவது தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தி, ஏழாவது ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு முகவரி அட்டையின் தடிமன் அளவு இடைவெளி இருப்பது நல்லது. அதைவிட மிக அதிகமாக இருந்தால் கழுத்து முன்னோக்கி வளைந்திருக்கிறது, இடைவெளியே இல்லாமல் தந்தி ஃப்ரெட்டில் படிந்தால் பின்னோக்கி வளைந்திருக்கிறது.

அடுத்து, பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் உச்சிக்கும் தந்தியின் அடிப்பகுதிக்கும் உள்ள உயரத்தை அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஆறாவது தந்தியில் 4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் முதல் தந்தியில் 3 மில்லிமீட்டருக்கு அருகிலும் இருப்பது வசதியான உயரம். தொழிற்சாலையிலிருந்து வரும் கிட்டார்கள் பெரும்பாலும் இதைவிட உயர்ந்தே வருகின்றன. அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது, மேற்பலகையில் தந்திகளைக் கட்டும் கட்டையான பிரிட்ஜின் பள்ளத்தில் அமர்ந்திருக்கும் சேடில் என்ற எலும்புக் கட்டை வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதே. தந்தி உயரமாகவும் சேடில் ஏற்கெனவே தாழ்ந்தும் இருந்தால், இறக்குவதற்கு இடம் மிச்சமில்லை. கழுத்தைக் கழற்ற முடியாத ஸ்பானியக் கட்டமைப்பில் அது பெருஞ்செலவு வைக்கும் குறை. விலை எவ்வளவு குறைத்தாலும் அந்தக் கிட்டாரை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

பிரிட்ஜுக்குப் பின்னால் மேற்பலகை லேசாகப் புடைத்திருப்பது இயல்பு. பிரிட்ஜுக்கும் ஒலித்துளைக்கும் நடுவே ஆழமாகக் குழிந்திருப்பது இயல்பன்று. பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு மெல்லிய தாள் உள்ளே நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் பசை விடத் தொடங்கிவிட்டது. விரல் மடிப்பால் மேற்பலகையை இடம் மாற்றி மாற்றி மெதுவாகத் தட்டினால், உள்ளே பிடி விட்ட சட்டம் இருந்தால் அது கரகரத்துக் காட்டிக்கொடுக்கும். கழுத்தின் ஓரமாக விரலை ஓட்டும்போது ஃப்ரெட் நுனிகள் குத்தினால், அந்தக் கிட்டார் வறண்ட அறையில் நெடுநாள் கிடந்திருக்கிறது என்று பொருள். மேற்பலகையில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று நார்க்கோடுகளின் வழியே தேடிப் பார்க்கவும். கடைசியாக, ஒவ்வொரு தந்தியிலும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் விரலை மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலியும், அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் ஒலியும் ஒரே சுருதியில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். மூன்றாவது தந்தியில் சிறு வேறுபாடு இருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். அதன் காரணம் பின்னால் வருகிறது.

தந்தியின் உயரத்தைச் சரிசெய்தல்

புதிய கிட்டாரை வாங்கிய பலர், கை வலிக்கிறது என்று சில மாதங்களிலேயே அதை மூலையில் வைத்துவிடுகிறார்கள். வலியின் காரணம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டரோ முக்கால் மில்லிமீட்டரோ கூடுதலாக இருக்கும் உயரமே. இதைச் சரிசெய்யும் கணக்கு எளிது. பன்னிரண்டாவது ஃப்ரெட் தந்தியின் நட்டநடுவில் இருப்பதால், அங்கே எவ்வளவு குறைய வேண்டுமோ அதைப்போல் இரண்டு மடங்கு சேடிலில் குறைக்க வேண்டும். ஆறாவது தந்தி 4.5 மில்லிமீட்டரில் இருக்கிறது, 3.8 வேண்டும் என்றால் வேறுபாடு 0.7, ஆகவே சேடிலின் அந்த முனையில் 1.4 மில்லிமீட்டர் போக வேண்டும். முதல் தந்தி 3.3-இலிருந்து 3.0-க்கு வர வேண்டுமென்றால் அந்த முனையில் 0.6 மில்லிமீட்டர் போதும்.

தந்திகளைத் தளர்த்திச் சேடிலை வெளியே இழுத்து, குறைக்க வேண்டிய அளவைக் கூரிய பென்சிலால் அடிப்பக்கத்தில் கோடிட்டு, கண்ணாடித் தகட்டின்மேல் விரித்த உப்புத்தாளில் அடிப்பக்கத்தை மட்டும் தேய்க்க வேண்டும். மேல்விளிம்பின் வளைவும் சரிவும் ஒலிச் சுருதிக்காகச் செதுக்கப்பட்டவை என்பதால் அங்கே கை வைக்கக் கூடாது. அடிப்பக்கம் தட்டையாகவும் நேர்க்கோணமாகவும் இல்லாவிட்டால் அது பிரிட்ஜின் பள்ளத்தில் முழுமையாகப் படியாது. தந்தியின் அதிர்வு அங்கேயே பாதி செத்துவிடும். குறித்த அளவுக்குச் சற்று முன்பே நிறுத்தி, பொருத்தி, முழுச் சுருதிக்கு ஏற்றி, அளந்து பார்த்து மீண்டும் தேய்ப்பது நல்லது. தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாதல்லவா? அதனால் தொழிற்சாலைச் சேடிலைத் தொடாமல் பத்திரமாக வைத்துவிட்டு, புதிய எலும்புச் சேடில் ஒன்றை வாங்கி அதைத் தேய்ப்பதே என் பரிந்துரை. இந்த வேலையில் நம்பிக்கை இல்லாதவர்கள் கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கலாம். கொடுக்கும்போது ‘கொஞ்சம் இறக்குங்கள்’ என்று பொதுவாகச் சொல்லாமல், பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் எத்தனை மில்லிமீட்டர் வேண்டும் என்று எண்ணால் சொல்லுங்கள். ஓங்கி வாசிக்கும் பழக்கமுள்ளவர்கள் மிகத் தாழ்வாக இறக்கினால் தாழ்ந்த சுருதியுள்ள தடித்த கீழ்த்தந்திகள் ஃப்ரெட்டில் மோதி அதிரும்.

தந்திகள்

முதலில் ஒரு தடை: இந்தக் கிட்டாரில் எஃகுத் தந்தியை ஒருபோதும் பூட்டக் கூடாது. ஆறு நைலான் தந்திகளும் சேர்ந்து சுமார் 40 கிலோ விசையில் இழுக்கின்றன. எஃகுத் தந்திகள் 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். இரும்புத் தண்டில்லாத கழுத்தும் மெல்லிய மேற்பலகையும் அதைத் தாங்க மாட்டா. முன்பு இந்த இடத்தில் ஆட்டுக்குடல் நரம்புகளே இருந்தன. 1940-களில், இரண்டாம் உலகப்போரினால் நரம்புக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில், நியூயார்க்கில் இருந்த ஆல்பர்ட் அகஸ்டின் என்ற கருவிக் கைவினைஞர் நைலான் இழையைக் கொண்டு தந்தி செய்தார். புகழ்பெற்ற ஸ்பானியக் கிட்டார் கலைஞர் ஆந்த்ரேஸ் செகோவியா அதை ஏற்று வாசித்ததும் உலகம் முழுவதும் நைலானுக்கு மாறிவிட்டது.

தொடங்குபவருக்கு டடாரியோ இஜே45, சவரேஸ், ஹன்னபாக் போன்ற நிறுவனங்களின் நடுத்தர இழுவைத் தொகுப்பே போதும். இழுவை கூடினால் ஒலி கூடும் என்று எண்ணி வன்மையான தொகுப்பைப் பூட்டுவது மாணவர் கிட்டாருக்கு நன்மை செய்வதில்லை; கைக்குத்தான் சுமை. மேலே சொன்ன மூன்றாவது தந்தியின் சிக்கல் இதுதான்: வெறும் நைலானால் ஆன தந்திகளில் அதுவே மிகத் தடிமனானது, அதனால் ஒலி மந்தமாகவும், மேல் ஃப்ரெட்களில் சுருதி சற்று ஏறியும் இருக்கும். அந்த ஒரு தந்தியை மட்டும் கார்பன் வகையாக மாற்றினால், அதே சுருதிக்கு மெல்லிய இழையே போதுமாதலால் இந்தக் குறை வெகுவாகக் குறைந்துவிடும்.

தந்தியை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றினால் இழுவை திடீரென்று போய், மறுபடி கருவி நிலைகொள்ள நாளாகும். பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தடித்த அட்டையை வைத்துக்கொண்டு வேலை செய்யவும். முடிச்சு நழுவும் முதல் தந்தி சவுக்காகச் சுழன்று மேற்பலகையைக் கீறிவிடும். கம்பி சுற்றிய கீழ்த்தந்திகளுக்கு ஒரு சுற்று போதும். வழுவழுப்பான மேல்தந்திகளுக்கு இரண்டு மூன்று சுற்று தேவை. கடைசிச் சுற்று பிரிட்ஜின் பின்விளிம்புக்குக் கீழே அழுந்தி நிற்க வேண்டும், மேல்தட்டிலேயே நின்றுவிட்டால் நழுவும். புதிய நைலான் பல நாட்கள் இளகிக்கொண்டே இருக்கும்; அதைக் கண்டு டியூனர் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். கீழ்த்தந்திகளின் உலோகச் சுற்று வியர்வையில் கறுத்து, சில மாதங்களில் ஒலி மங்கிவிடும். கடற்கரை ஊர்களில் இன்னும் விரைவாக மங்கும். மேல்தந்திகள் அதைவிட நெடுநாள் வரும் என்பதால் கீழ்த்தந்திகள் மூன்றை மட்டும் வாங்கி மாற்றிச் சிக்கனம் செய்யலாம்.

ஈரப்பதம்

முழுப்பலகை வைத்த கிட்டாருக்கு 45 முதல் 55 விழுக்காடு வரையிலான ஈரப்பதம் ஏற்றது. சென்னையிலும் கொழும்பிலும் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் 70 விழுக்காட்டைத் தாண்டி நிற்கிறது. மரம் ஈரத்தை உறிஞ்சினால் நாருக்குக் குறுக்காக விரியும். மேற்பலகை புடைத்துத் தந்தி உயரும், ஒலி அடைத்துக்கொண்டதுபோல் மந்தமாகும். ஆகவே மழைக்காலத்தில் உயரம் கூடிவிட்டது என்று அவசரப்பட்டுச் சேடிலைத் தேய்த்துவிடக் கூடாது. டொரான்டோவிலோ லண்டனிலோ வாழ்பவர்களுக்கு நிலைமை நேர் எதிரானது: குளிர்காலத்தில் வெப்பமூட்டிய அறையில் ஈரம் 30 விழுக்காட்டுக்கும் கீழே போகலாம், அங்கே மரம் சுருங்கி மேற்பலகை வெடிக்கும் அபாயம் உண்டு.

இரண்டுக்கும் தீர்வு கடினமானதன்று. நல்ல கெட்டிப் பெட்டி ஒன்று, அதற்குள் ஒரு சிறிய ஈரப்பதமானி, ஈரத்தை உறிஞ்சவும் விடவும் வல்ல 49 விழுக்காட்டுப் பொதிகள் இரண்டு இருந்தால் போதும். பொதிகள் கிடைக்காவிட்டால் நம் ஊர் ஈரத்துக்குத் துணிப்பையில் கட்டிய சிலிக்கா ஜெல் வைக்கலாம்; ஆனால் அளவு மிஞ்சிவிடாமல் ஈரப்பதமானியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வாசிக்காத நேரத்தில் கிட்டார் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். இரவு முழுவதும் குளிர்சாதனம் ஓடி, பகலில் சன்னல் திறந்து கிடக்கும் அறையில் சுவரில் மாட்டி வைப்பது, நாளுக்கு இருமுறை மரத்தை இழுத்து விடுவதற்குச் சமம். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுச் செல்வது அதைவிடக் கேடு. வெப்பத்தில் பசை இளகிப் பிரிட்ஜ் கையோடு வந்துவிடும். துடைக்க உலர்ந்த பருத்தித் துணி போதும், மேசை நாற்காலிக்குப் பூசும் மெருகெண்ணெய் கிட்டாருக்கு ஆகாது.

வாசிக்கத் தொடங்குதல்

கைப்பிடியில்லாத நாற்காலியின் முன்பாதியில் நிமிர்ந்து அமர்ந்து, இடது காலைச் சுமார் 15 சென்டிமீட்டர் உயரமுள்ள காலணையில் வைத்து, கிட்டாரின் இடுப்பை இடது தொடையில் இருத்துங்கள். தலைப்பகுதி ஏறக்குறைய கண்மட்டத்துக்கு உயர வேண்டும். இடது தொடை, வலது தொடை, நெஞ்சு, வலது முன்கை ஆகிய நான்கும் கருவியைத் தாங்கினால், இடது கைக்குத் தாங்கும் வேலையே இருக்காது. அந்தக் கையை முழுவதும் எடுத்துவிட்டாலும் கிட்டார் அசையாமல் நிற்கிறதா என்பதே சரியான இருக்கைக்குச் சோதனை. நெடுநேரம் ஒரு காலை உயர்த்தி வைப்பதால் இடுப்பு வலி வருபவர்கள், தொடைமேல் பொருத்தும் தாங்கியைப் பயன்படுத்தலாம். இது புதிய எண்ணமும் அன்று: மாட்ரிட்டைச் சேர்ந்த கிட்டார் கலைஞர் தியோனிசியோ அகுவாதோ (1784–1849), உடல் பட்டு ஒலி மங்கக் கூடாது என்பதற்காகக் கிட்டாரை மூன்று கால் தாங்கியில் பொருத்தி வாசித்தவர்.

வலது கையில் கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் ஆகிய நான்கே வேலை செய்யும். இசைத்தாள்களில் அவற்றின் ஸ்பானியப் பெயர்களின் முதலெழுத்துகளான பி, ஐ, எம், ஏ என்று குறித்திருப்பார்கள். விரல் தந்தியைத் தாண்டி வந்து அடுத்த தந்தியின்மேல் சாய்ந்து நிற்பது ‘அபோயாந்தோ’. எதிலும் படாமல் உள்ளங்கை நோக்கி வருவது ‘திராந்தோ’. முன்னது தனி மெட்டுக்கு அழுத்தமும் கனமும் தரும். பின்னது ஒரே நேரத்தில் பல தந்திகள் ஒலிக்க வேண்டிய இடங்களுக்கு உரியது. முதல் சில வாரங்களுக்கு இடது கையை மறந்துவிட்டு, திறந்த தந்திகளில் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் மாற்றி மாற்றி, ஒரே விரல் இருமுறை வராமல், தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோம் வைத்து மெதுவாக வாசியுங்கள். சலிப்பூட்டும் பயிற்சிதான்; ஆனால் பின்னாளில் வேகம் வராமல் தடுக்கும் பெரும்பாலான கோளாறுகள் இங்கே தொடங்குகின்றன.

நகம் வேண்டுமா என்ற கேள்வி பழையது. பார்சிலோனாவில் பிறந்த கிட்டார் கலைஞர் பெர்னாந்தோ சோர் (1778–1839) நகமில்லாமல் வாசித்தார், அவர் நண்பர் அகுவாதோ நகத்தோடு வாசித்தார். இருவரும் தங்கள் வழியையே பரிந்துரைத்தார்கள். இன்றைய வழக்கம் நகமும் சதையும் சேர்ந்து தந்தியைத் தொடுவது. உள்ளங்கையை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கும்போது விரல்நுனிக்கு மேல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகம் தெரிந்தால் போதும். அரத்தால் வட்டமாக வடிவமைத்து, மிக நுண்ணிய உப்புத்தாளால் விளிம்பை வழவழப்பாக்க வேண்டும். ஒலி கரகரப்பாக இருந்தால் கிட்டாரைச் சந்தேகிப்பதற்கு முன் நகத்தின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். நகம் வளர்க்க முடியாத வேலையில் இருப்பவர்கள் சதையால் மட்டும் வாசிக்கலாம். ஒலி சற்றுத் தாழும், இசை கெடாது.

இடது கையின் கட்டைவிரல் கழுத்தின் பின்புறம், நடுவிரலுக்கு ஏறக்குறைய நேராக இருக்கட்டும். மேலே எட்டிப் பார்க்கக் கூடாது. விரல் ஃப்ரெட்டுக்கு மிக அருகில், அதற்குச் சற்றுப் பின்னால் அழுத்த வேண்டும். தேவையான விசையை அறிய ஒரு வழி உண்டு: தந்தியைத் தொட்டபடி மீட்டிக்கொண்டே மெல்ல மெல்ல அழுத்திவாருங்கள், அதிர்வொலி மறைந்து சுத்தமான சுரம் வரும் அந்தப் புள்ளியே போதுமான விசை. பெரும்பாலோர் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு அழுத்துகிறார்கள்.

வீணை வாசித்துப் பழகியவர்களுக்கு ஒரு குறிப்பு: தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் எழுப்பும் பழக்கம் இங்கே எடுபடாது. நைலான் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் சுருதி சிறிதளவே ஏறும். இங்கே அசைவு தந்தியின் நீளவாக்கில் வரவேண்டும். அழுத்திய விரலை இடம் பெயர்க்காமல் நட் பக்கமும் பிரிட்ஜ் பக்கமும் கையை ஆட்டினால், சுருதி மேலும் கீழுமாகச் சற்று அலையும். ஏழாவது ஃப்ரெட்டை ஒட்டிய பகுதியில் இது நன்றாக வரும்; முதல் இரண்டு ஃப்ரெட்களில் அவ்வளவாக வராது.

ஒலியின் நிறத்தை மாற்றுவதுதான் இந்தக் கருவியின் தனிச்சிறப்பு. மாணவர் கிட்டாரிலும் அது முழுமையாகவே கிடைக்கும். வலது கை ஒலித்துளையின் மேலும் விரற்பலகையை ஒட்டியும் வரும்போது ஒலி உருண்டு இனிமையாகும், பிரிட்ஜை நோக்கிப் போகும்போது கூர்மையாகி உலோகச் சாயல் பெறும். ஒரே வரியை இரண்டு இடங்களிலும் வாசித்து, எந்த இடத்தில் எது பொருந்துகிறது என்று பாருங்கள். இசைக்குறிப்பு கற்கத் தொடங்கும்போது, கிட்டாருக்கு எழுதப்பட்டவை எல்லாம் எழுதிய இடத்தைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கீபோர்டு வாசிப்பவரோடு சேர்ந்து வாசிக்கும்போது இது குழப்பம் தரும்.

விலை கூடிய கிட்டாருக்கு எப்போது மாறலாம் என்று கேட்பவர்கள் உண்டு. உங்கள் ஆசிரியரிடம் உங்கள் கிட்டாரையே கொடுத்து, நீங்கள் பயின்றுகொண்டிருக்கும் பகுதியை வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு வராத ஒலி அவர் கையில் அதே கருவியிலிருந்து வந்தால், இன்னும் சில ஆண்டுகளுக்கு அந்தக் கிட்டார் போதும். அவரும் அதன் எல்லையில் போய் முட்டி நின்றால், அப்போது பணம் சேர்க்கத் தொடங்கலாம்.